காயம் கட்டிய கைகளும் கையெழுத்தும்



நம் கூட்டமைப்பு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தாருங்கள் என்று செயற்குழுவில் கேட்டார்கள். ராணிகள், தலைவர்கள் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் பேர் தெரியாத பெண்கள் சிலரைப் பற்றியும், பேர் தெரிந்த நாலைந்து பேரைப் பற்றியும் எழுதலாம் என்று நினைத்தேன். 160 வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஒரு பெரிய உள்நாட்டுப் போர் நடந்தது. அப்போது ஊருக்கு ஊர் பெண்கள் குழு சேர்ந்து, காயம்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த சிப்பாய்களுக்குத் துணியும் சாப்பாடும் ஆறுதலும் கொண்டு சேர்த்தார்கள்.

நான் பல வருடமாக எங்கள் குழுவின் கணக்கு நோட்டு எழுதுகிறவள். அதனாலோ என்னவோ, இந்தக் கதையைப் படித்தபோது அந்தப் பெண்களின் இரக்கத்தைவிட அவர்கள் எழுதிய பட்டியலும் கணக்கும்தான் என் கண்ணில் முதலில் பட்டது. இரக்கம் எல்லாருக்கும் வரும். அதை ஒழுங்காகச் செய்து முடிப்பது எப்படி, செய்தவளுக்கு அதில் என்ன பேர் கிடைத்தது என்பதுதான் நமக்குப் பாடம்.

குண்டைவிட நோய் கொன்றது

1861 ஏப்ரலில் போர் தொடங்கியது. தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்து, பருத்திக் காட்டில் வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அடிமை முறையை விட மனமில்லாமல் அந்த மாநிலங்கள் நாட்டைவிட்டுப் பிரிந்தன. குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் 75,000 பேரைப் படையில் சேர அழைத்தார். சில மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்த சண்டை நான்கு வருடம் நடந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து 6 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள்.

அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர் குண்டடிபட்டுச் சாகவில்லை. வயிற்றுப்போக்கு, சீதபேதி, டைஃபாய்டு, மலேரியா என்று நோய் வந்துதான் செத்தார்கள். கிருமியால் நோய் பரவும் என்பது அந்தக் காலத்து டாக்டர்களுக்கே தெரியாது. ஒருத்தன் புண்ணைத் துடைத்த பஞ்சையே அலசி அடுத்தவனுக்கும் வைப்பார்கள். பள்ளிக்கூடம், ஹோட்டல், கோயில் என்று கிடைத்த கட்டடமெல்லாம் ஆஸ்பத்திரி ஆனது. படுக்கை இல்லை, மாற்றுத் துணி இல்லை, நோயாளி சாப்பிடக்கூடிய சாப்பாடு இல்லை.

இதையெல்லாம் யோசித்துப் பாருங்கள். துவைத்த துணி, சுத்தமான பாத்திரம், வாய்க்குப் பிடிக்கிற கஞ்சி, பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு ஆள். ஒரு வீட்டில் யாராவது படுத்தால் நாம் செய்கிறதுதான் அந்தச் சிப்பாய்களுக்கும் வேண்டியிருந்தது. அதைப் பெண்கள்தான் முதலில் கண்டுகொண்டார்கள்.

வாரம் முடிவதற்குள் ஒரு குழு

லிங்கனின் அழைப்பு வந்த ஒரு வாரத்துக்குள் ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து ஊரில் பெண்கள் கூடி, சிப்பாய்களுக்கு உதவ ஒரு சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். அதே மாதக் கடைசியில் நியூயார்க்கில் பெண்கள் ஒரு மத்திய நிவாரணச் சங்கம் அமைத்தார்கள். அதற்கு முன்கை எடுத்தவர் எலிசபெத் பிளாக்வெல். அமெரிக்காவில் முதன்முதலாக மருத்துவப் பட்டம் வாங்கிய பெண் அவர். ஆர்வம் மட்டும் போதாது, வேலை தெரிந்த நர்சுகள் வேண்டும் என்று சொல்லி, பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளில் பயிற்சிக்கு அனுப்பினார்.

இந்த முயற்சிகள் எல்லாம் சேர்ந்து, 1861 ஜூனில் அரசு அனுமதியோடு 'சானிட்டரி கமிஷன்' என்ற பெரிய அமைப்பாக ஆனது. சுகாதார ஆணையம் என்று நாம் சொல்லலாம். மேலே உட்கார்ந்து நிர்வகித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கீழே வேலையைத் தாங்கியது பெண்களின் ஊர்ச் சங்கங்கள். அப்படி ஏறத்தாழ 7,000 சங்கங்கள் இருந்ததாகச் சொல்வார்கள். ஊர்ச் சங்கம், அதற்கு மேல் நகரத்துக் கிளை, அதற்கு மேல் ஆணையம். குழு, ஊராட்சி அளவில் கூட்டமைப்பு, வட்டாரம் என்று நாம் அடுக்கி வைத்திருக்கிறோமே, கிட்டத்தட்ட அதே மாதிரிதான்.

உடைந்த ஜாம் பாட்டில்

ஆரம்பத்தில் எல்லாம் ஆர்வக்கோளாறாக இருந்தது. மகன் பட்டாளத்தில் இருக்கிறான் என்று அம்மாக்கள் கேக், ஜாம், ஊறுகாய், சட்டை, போர்வை எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் திணித்து ரயிலில் ஏற்றிவிட்டார்கள். வழியில் பாட்டில் உடைந்து ஜாம் ஒழுகி, சட்டையெல்லாம் ஈ மொய்த்து, பூசணம் பிடித்துப் போய்ச் சேர்ந்தது. சில பெட்டி போய்ச் சேரும்போது அந்தப் படை வேறு ஊருக்குப் போயிருக்கும்.

அப்புறம்தான் ஒழுங்கு கொண்டுவந்தார்கள். துணி தனிப் பெட்டி, சாப்பாட்டுச் சாமான் தனிப் பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதி வைக்க வேண்டும். கிளைக்கு வந்த பெட்டியைப் பிரித்து, இனம் பிரித்து, முத்திரை குத்தி, எங்கே தேவையோ அங்கே அனுப்பினார்கள். வந்ததற்கும் போனதற்கும் கணக்கு.

இதில் ஒரு விஷயம் ரொம்பக் கஷ்டமானது. 'என் பிள்ளைக்கு', 'எங்க ஊர்ப் பசங்களுக்கு' என்று அனுப்பக் கூடாது. எல்லாம் பொதுவில் சேரும். யாருக்கு அவசரமோ அவனுக்குப் போகும். ஒரு தாய் தன் கையால் பின்னின காலுறை முகம் தெரியாத ஒருத்தன் காலுக்குப் போகும். அதற்கு மனசு எளிதில் ஒப்பாது. நாம் அனுப்புகிற பழத்தையெல்லாம் ஆஸ்பத்திரி அதிகாரிகளே தின்றுவிடுகிறார்கள் என்ற பேச்சும் ஊரில் அடிபட்டது. அதற்கு ஆணையத்தின் பெண்கள் கோபப்படவில்லை. வந்த பெட்டிக்கு ஒப்புகைச் சீட்டு எழுதினார்கள். எந்த ஆஸ்பத்திரிக்கு என்ன போனது என்று கடிதம் எழுதினார்கள். நேரில் போய்ப் பார்த்து வந்து கூட்டத்தில் சொன்னார்கள். கணக்கைக் காட்டக் காட்ட நம்பிக்கை வந்தது, நம்பிக்கை வர வர பெட்டியும் வந்தது.

சிக்காகோ கிளையில் மேரி லிவர்மோர், ஜேன் ஹோக் என்ற இரண்டு பெண்கள் பொறுப்பில் இருந்தார்கள். 1863-ல் விக்ஸ்பர்க் என்ற இடத்தை முற்றுகையிட்டிருந்த படையில் ஸ்கர்வி நோய் தலைகாட்டியது. ஈறு வீங்கி ரத்தம் வரும், உடம்பு அசந்துபோகும். காய்கறியும் பழமும் இல்லாமல் உப்புக்கறியே தின்றால் வருகிற நோய் அது. உடனே ஊர்ச் சங்கங்களுக்குச் செய்தி போனது. வெங்காயம் வேண்டும், உருளைக்கிழங்கு வேண்டும். பெண்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டுப் பீப்பாய் பீப்பாயாக அனுப்பினார்கள். ஒரு வெங்காயம் ஒரு உயிர் என்று நினைத்துத்தான் சேர்த்திருப்பார்கள்.

கஞ்சியும் கடிதமும்

மேரி ஆன் பிக்கர்டைக் என்ற பெண்மணி இல்லினாய் மாநிலத்தில் கேல்ஸ்பர்க் ஊரைச் சேர்ந்தவர். கணவனை இழந்தவர். 1861-ல் ஊரார் சேர்த்துக் கொடுத்த மருந்தையும் துணியையும் கெய்ரோ என்ற ஊரிலிருந்த ராணுவ முகாமில் கொடுத்துவிட்டு வரப் போனார். அங்கே பையன்கள் அழுக்கில் கிடந்ததைப் பார்த்தவர் திரும்பவே இல்லை. குளிப்பாட்டினார், சமைத்தார், கூட்டினார். ரத்தம் பட்ட துணியையெல்லாம் தூக்கி எறிந்துவிடுவது அங்கே வழக்கம். அவர் துவைக்கிற கொட்டகை போட்டு, அதே துணியைத் திரும்பப் பயன்படுத்த வைத்தார். அந்தத் துவைக்கிற வேலையை அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த கறுப்பினப் பெண்கள் செய்தார்கள். நோயாளிக்குப் பாலும் முட்டையும் வேண்டும் என்று இல்லினாய்க்குப் போய் விவசாயிகளிடம் கேட்டு, நூறு பசுவுக்கு மேலும் ஆயிரம் கோழியும் மெம்ஃபிஸ் ஊருக்குக் கொண்டுபோனார். சிப்பாய்கள் அவரை 'அம்மா' என்றே கூப்பிட்டார்கள்.

அயோவா மாநிலத்தின் ஆனி விட்டன்மயர் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கட்டிலில் கிடந்தவன் தன் சொந்தத் தம்பி என்று பார்த்தார். காய்ச்சலில் கிடந்த அந்தப் பையனுக்குக் காலைச் சாப்பாடாக எண்ணெய் வடிகிற பன்றிக்கறியை வைத்திருந்தார்கள். அவன் வேண்டாம் என்று தள்ளிவிட்டான். தம்பியைத் தானே பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் அது ஒரு வீட்டுக் கதையோடு போயிருக்கும். அவர் அதோடு நிற்கவில்லை. 1864-ல் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்கென்றே தனிச் சமையல்கட்டு ஆரம்பித்தார். எந்த நோயாளிக்கு என்ன சாப்பாடு என்று டாக்டர் எழுதிக் கொடுப்பார், அதன்படி சமைத்துப் பரிமாறுவார்கள். மேற்பார்வை பெண்கள் கையில். இன்று ஆஸ்பத்திரிகளில் 'டயட்' என்று தனியாகத் தருகிறார்களே, அதற்கு இப்படியும் ஒரு முன்கதை உண்டு.

சாப்பாடு ஒரு பக்கம். மனசு இன்னொரு பக்கம். வீட்டுக்குச் செய்தி போகாமல் தவிக்கிறவன், கை போனவன், எழுதத் தெரியாதவன் என்று எத்தனையோ பேர். இவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதே தொண்டர்களுக்குப் பெரிய வேலை. 1862 டிசம்பரில் லூயிசா மே ஆல்காட் என்ற பெண் வாஷிங்டன் பக்கத்தில் ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய ஹோட்டலில் நடந்த ஆஸ்பத்திரிக்கு நர்சாகப் போனார். ஃபிரெடரிக்ஸ்பர்க் சண்டையில் அடிபட்டவர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். சேறு அப்பிய உடம்பைக் கழுவுவது, சாப்பாடு ஊட்டுவது, கடிதம் எழுதுவது, சாகப்போகிறவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதுதான் வேலை. ஆறு வாரத்தில் டைஃபாய்டு வந்து அவரே படுத்துவிட்டார். உயிர் பிழைத்தாலும் பழைய உடம்பு திரும்பவில்லை. பின்னாளில் உலகம் அறிந்த எழுத்தாளர் ஆனவர் அவர். ராணுவ நர்சுகளுக்கு அப்போது சம்பளம் ஒரு நாளைக்கு 40 சென்ட். நிறைய பேர் அதுவும் வாங்காமல் செய்தார்கள்.

கவிஞர் வால்ட் விட்மன் ஒரு ஆண். ஆனாலும் அவரைச் சொல்லாமல் விட முடியாது. அடிபட்ட தம்பியைத் தேடி வந்தவர் வாஷிங்டனிலேயே தங்கிவிட்டார். கிடைத்த சின்ன வேலையைப் பார்த்துக்கொண்டே 600 முறைக்கு மேல் ஆஸ்பத்திரிகளுக்குப் போனார். சட்டைப்பையில் சின்ன நோட்டு ஒன்று வைத்திருப்பார். எந்த வார்டு, எந்தக் கட்டில், யார், அவனுக்கு என்ன ஆசை என்று குறித்துக்கொள்வார். ஒருத்தனுக்கு ஆரஞ்சு, ஒருத்தனுக்கு மிட்டாய், ஒருத்தனுக்குக் கடிதத் தாளும் தபால்தலையும். மறுநாள் மறக்காமல் கொண்டுபோய்க் கொடுப்பார்.

எந்தச் சிப்பாய் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறான், உயிரோடு இருக்கிறானா என்று குடும்பத்தார் தெரிந்துகொள்ள, சானிட்டரி கமிஷனும் வாஷிங்டன், நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, லூயிவில் ஆகிய ஊர்களில் பேர்ப் பதிவேடு வைத்து நடத்தியது. தேடி அலைந்த ஒரு தாய்க்கு அந்த நோட்டில் மகன் பேர் இருப்பது எப்படிப்பட்ட விஷயம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

'வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்'

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

1863-ல் சிக்காகோ கிளையில் பணம் தீர்ந்துபோனது. பெரிய கண்காட்சி ஒன்று போட்டு நிதி திரட்டலாம் என்று லிவர்மோரும் ஹோக்கும் முடிவெடுத்தார்கள். 25,000 டாலர் சேர்க்கப்போகிறோம் என்று சொன்னபோது ஆண்கள் பலர் சிரித்தார்கள். பெண்கள் ஊர் ஊராகக் கடிதம் எழுதினார்கள். அக்டோபர் கடைசியில் கண்காட்சி திறந்த அன்று, பக்கத்து மாவட்ட விவசாயிகள் உருளைக்கிழங்கும் வெங்காயமும் ஏற்றிச் சுமார் நூறு வண்டியில் ஊர்வலமாக வந்தார்கள். அடிமைகளுக்கு விடுதலை கொடுத்த பிரகடனத்தைத் தன் கையால் எழுதிய அசல் தாளை லிங்கனே அனுப்பிவைத்தார். அது 3,000 டாலருக்குப் போனது. கடைசியில் எதிர்பார்த்ததைப் போல மூன்று மடங்குக்கு மேல் சேர்ந்தது. அதைப் பார்த்து மற்ற ஊர்களும் கண்காட்சி போட்டன. அடுத்த வருடம் நியூயார்க் கண்காட்சியில் மட்டும் 10 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது.

இப்படி நடத்திக்காட்டிய பெண்களுக்கு, கண்காட்சிக்கு முன்னால் என்ன நடந்தது தெரியுமா? கூடுதலாக ஒரு மண்டபம் கட்ட மேஸ்திரியோடு ஒப்பந்தம் பேசினார்கள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர், உங்கள் கையெழுத்து செல்லாது, உங்கள் வீட்டுக்காரர்கள் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறோம் என்று சொல்லியும் பலிக்கவில்லை. கல்யாணமான பெண்ணின் கையெழுத்துக்கும் அவள் சம்பாதித்த பணத்துக்கும் அன்றைய சட்டத்தில் அந்த மதிப்புதான். கடைசியில் கணவர்கள் வந்து கையெழுத்துப் போட்ட பிறகே மண்டபம் எழும்பியது.

ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்குக் கணக்குச் சொன்ன பெண், ஒரு கொட்டகைக்குக் கையெழுத்துப் போட முடியவில்லை! போர் முடியட்டும், அப்புறம் இந்தச் சட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று லிவர்மோர் மனசுக்குள் முடிவெடுத்தார். சொன்னபடியே செய்தார். 1869-ல் பெண்கள் உரிமைக்காக 'அஜிடேட்டர்' என்ற பத்திரிகை ஆரம்பித்தார். ஊர் ஊராகப் போய் மேடையில் பேசினார். 1905-ல் இறந்தார். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுக்க ஓட்டுரிமை கிடைத்தது 1920-ல். அதைப் பார்க்க அவர் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு ரொம்ப தூரத்துக் கதையாகத் தெரியவில்லை. நம் குழுக்கள் ஆரம்பித்த காலத்தில், பாஸ் புக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நம்மிடமே, வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா என்று சொன்ன கவுண்டர்கள் உண்டு. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த அக்காக்கள் பலர், கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட பிறகுதான் கடன் விண்ணப்பத்தைத் தன் கையால் நீட்டினார்கள். ஒரு கையெழுத்து என்ன பெரிய விஷயம் என்று கேட்கிறவர்களுக்கு, அது இல்லாமல் நின்றவளைத்தான் காட்ட வேண்டும்.

பேர் எழுதப்படாதவர்கள்

போர் முடிந்து 27 வருடம் கழித்து, 1892-ல்தான் ராணுவ நர்சுகளுக்கு மாதம் 12 டாலர் பென்ஷன் என்று சட்டம் வந்தது. அதற்காகப் பாடுபட்டவர்களில், சமையல்கட்டு ஆரம்பித்த அந்த ஆனி விட்டன்மயரும் ஒருவர். ஆனால் பென்ஷன் வாங்க, நர்சாக வேலை பார்த்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். காகிதம் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்?

சூசி கிங் டெய்லர் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். அடிமைகள் எழுதப் படிக்கக் கற்பது அங்கே குற்றம். ஒளித்து மறைத்துக் கற்றுக்கொண்டார். 1862-ல் தப்பி வந்து, 14 வயதில் கறுப்பினச் சிப்பாய்களின் படையோடு சேர்ந்தார். துணி துவைத்தார், சிப்பாய்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார், காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார். நாலு வருடத்துக்கு மேல் செய்தார், சம்பளம் வாங்கவில்லை. பதிவில் அவர் 'துணி துவைக்கிறவள்'. அதனால் நர்ஸ் பென்ஷன் கிடைக்கவே இல்லை. 1902-ல் தன் கதையைத் தானே எழுதிப் புத்தகமாகப் போட்டார். அது இல்லாவிட்டால் இன்று அவரை யாருக்கும் தெரிந்திருக்காது.

ஹாரியட் டப்மன் அடிமைத்தனத்திலிருந்து தப்பியதோடு, திரும்பத் திரும்பப் போய்ப் பலரை மீட்டு வந்தவர். தெற்குக் கரோலினாவில் நோயாளிச் சிப்பாய்களுக்கும் தப்பி வந்த மக்களுக்கும் வைத்தியம் பார்த்தார். தனக்கு மட்டும் ராணுவ ரேஷன் கிடைப்பதைப் பார்த்து மற்றவர்கள் வருத்தப்பட்டபோது, அதையும் வேண்டாம் என்று விட்டுவிட்டார். பகலில் ஆஸ்பத்திரி வேலை, ராத்திரியில் பலகாரமும் குடிபானமும் செய்து விற்று வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொண்டார். கிடைத்த 200 டாலரில் சலவைக் கூடம் கட்டி, மற்றப் பெண்கள் துவைத்துச் சம்பாதிக்க வழி செய்தார். அதைச் சுழல் நிதி என்று சொன்னால் தப்பில்லை. அரசு அவர் சேவையை ஒத்துக்கொண்டு பென்ஷனை மாதம் 20 டாலராக உயர்த்தியது 1899-ல். அதற்குள் 30 வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

சகோதரிகளே, சேவை செய்வதில் பெண்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. குறை எங்கே வருகிறது என்றால், செய்ததை எழுதி வைப்பதில். எழுதும்போதும், எந்த வேலையை வேலை என்று எழுதுகிறோம் என்பதில். கட்டுப் போட்டவள் நர்ஸ், அந்தத் துணியைத் துவைத்தவள் ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டதே.

நம் கூட்டமைப்பிலும் இது நடக்கலாம். கொரோனா காலத்தில் முகக்கவசம் தைத்தவர்கள் உண்டு, தனிமையில் இருந்த வீடுகளுக்குச் சமைத்து அனுப்பியவர்கள் உண்டு. தைத்த எண்ணிக்கை நோட்டில் இருக்கிறது. துணி வெட்டியவள், அடுப்பு பார்த்தவள், பாத்திரம் கழுவியவள் பேர் எல்லாக் குழு நோட்டிலும் இருக்கிறதா? இனி எந்த வேலை செய்தாலும், வந்தவர் பேர், செய்த வேலை, செலவான நேரம் மூன்றையும் தீர்மான நோட்டில் எழுதி, அவரவர் கையெழுத்தை அவரவரே போடும்படி எல்லாக் குழுக்களும் வழக்கம் ஆக்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வயதான அக்காக்களுக்கும் இதில் விலக்கு வேண்டாம்.

இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் உறுப்பினர் பேர்ப் பட்டியல் இருக்கிறது. பொடி எழுத்துதான், இருந்தாலும் அதைப் புரட்டிவிட்டுப் போகாமல் ஒருமுறை படியுங்கள். உங்கள் பேரும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேரும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். யார் பேராவது விட்டுப்போயிருந்தால் அடுத்த கூட்டத்திலேயே சொல்லிச் சேர்த்துவிடுவோம்.